மீனைத் தின்றது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் மெக்கானிக்கல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்திப் பேசு" என்றார் செயலாளர் அண்ணன். பம்பு, வால்வு என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போய்விடுவீர்கள். கடைசி பெஞ்சில் இருந்து அதைச் செய்தவன் நான். அதனால் வேலைக்குப் போன ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு தீவு. அங்கே செயின்ட் ஜான்ஸ் நகரில், கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடை வேலையாக இரண்டு வருடம் இருந்தேன். என் வீட்டுக்காரர் எழுபது தாண்டிய மீனவர். நான் தமிழன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. 1986 ஆகஸ்டில் அந்தக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களைக் காப்பாற்றியது அந்தத் தீவின் மீனவர்கள்தான்.

ஆறே வருடத்தில் அந்த மீனவர்களே தத்தளித்தார்கள். 1992 ஜூலை 2 அன்று காட் மீன் பிடிக்க அரசு தடை போட்டது. ஏறக்குறைய 30,000 பேருக்குப் பிழைப்பு போயிற்று. மீன் எங்கே போனது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரே பதில்தான்: "சீல் தின்னுடுச்சு."

சீல் என்றால் கடல்நாய். அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் ஹார்ப் சீல்கள் 20 லட்சத்துக்கும் குறைவு. 1983-ல் ஐரோப்பா குட்டிகளின் வெள்ளைத் தோலை வாங்க மறுத்தது. சந்தை சரிந்தது, வேட்டை குறைந்தது, சீல் பெருகி 70 லட்சத்தைத் தாண்டியது. காட் இல்லை, சீல் மட்டும் கொழுக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆனால் பழைய கணக்கைப் பாருங்கள். 1968-ல் மட்டும் அந்தக் கடலில் 8 லட்சம் டன் காட் பிடிக்கப்பட்டது. பெரும்பகுதியை அள்ளியவை வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள். 1977-ல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு அவர்களைத் தள்ளி வைத்துவிட்டு, தன் கப்பல்களை இறக்கியது. அடுத்து நடந்ததுதான் இன்ஜினியர்கள் கவனிக்க வேண்டிய இடம். மீன் இருப்பைக் கணக்கிட அந்தக் கப்பல்களின் பிடிப்பையும் ஓர் அளவுகோலாக வைத்தார்கள். மிச்சமிருந்த மீன் ஓரிடத்தில் கூடும். கருவி வைத்துத் தேடும் கப்பல் அங்கேதான் போகும். வலை நிறைந்தே வரும். டேங்க் காலியாகிக்கொண்டிருக்க, கேஜ் 'ஃபுல்' காட்டியது. சின்னப் படகில் கரையோரம் போனவர்கள் 1980களிலேயே மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று கத்தினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரரின் கோபம் அங்கிருந்து வருவது. "அன்னிக்கு மீன் குறையுதுன்னோம், கேக்கல. இன்னிக்கு சீல்ங்கிறோம், இப்பவும் கேக்கல."

அன்று அவர்கள் சொன்னது சரி. அதற்காக இன்று சொல்வதும் சரியாகிவிடுமா? ஓடுகிற மெஷின் ஏன் நின்றது என்பது ஒரு கேள்வி. அது ஏன் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்பது வேறு கேள்வி. காட் சரிந்ததற்கு முதல் காரணம் வலைதான் என்று ஹட்சிங்ஸ், மையர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1994-லேயே எழுதினார்கள். அந்தப் பக்கம் மீன் மீளாததற்கும், காட்டின் தீனியான கேப்லின் என்ற சிறு மீன் 1991 வாக்கில் சரிந்ததைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஆனால் அதே நாட்டில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் கதை வேறு. அங்கே மீன்பிடி ஏறக்குறைய நின்ற பிறகும் காட் குறைந்துகொண்டே போனது. கிரே சீல் என்ற பெரிய சாதிதான் அதற்கு முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்கள்.

ஒருநாள் ராத்திரி இதையெல்லாம் பேப்பரில் வரைந்து அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்போ வளைகுடாக்காரன் சொன்னா மட்டும் நிஜமா?" என்றார். எழுந்து டீ போடப் போய்விட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்ல வாய் வரவில்லை.

2024 ஜூனில், 32 வருடம் கழித்து, அந்தத் தடையை நீக்கினார்கள். அந்த வருடத்துக்கு 18,000 டன் என்று அளவு வைத்தார்கள். சந்தோஷமாக அவருக்குப் போன் போட்டேன். படகை விற்று இருபது வருடமாயிற்றாம், மகன் வேலை தேடி ஆல்பர்ட்டா போய்ச் சேர்ந்து அதைவிட அதிகமாம். கடைசியில் கேட்டார்: "18,000 டன்னுங்கிறாங்களே, அது சீலுக்குத் தெரியுமா?"