ஈரலின் இரு கடமைகள்



தலைநகர் டில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி, மௌரிய அமைச்சர் சாணக்கியரின் பெயரைத் தாங்கியது. சந்திரகுப்தனின் உணவில் அவர் சிறிது சிறிதாக நஞ்சைக் கலந்து, அதைத் தாங்கும் வன்மையை அவனுக்கு உண்டாக்கினார் என்று சமணர் கதையொன்று கூறும். கதை சுவையானதே, ஆயினும் எல்லா நஞ்சும் உடலுக்குப் பழகிவிடும் என்று நாம் எண்ணலாகாது. உணவோடு புகும் நஞ்சை எதிர்கொள்வது கல்லீரல். அங்கே அதன் அணுக்களே மடிகின்றன.

ஈரல் நம் உடலின் சர்க்கரைக் களஞ்சியம். ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையைக் கிளைக்கோஜன் வடிவில் சேமித்து, நாம் உறங்கும் வேளையில் அளவறிந்து இரத்தத்தில் விடுகிறது. சேமிப்புக் குறைந்தால் புரதக் கூறுகளிலிருந்து புதிதாக ஆக்கியும் தருகிறது. மூளை பெரிதும் இச்சர்க்கரையை நம்பியே இயங்குகிறது.

வெட்டுண்டாலும் வளர்வது ஈரலின் தனிச் சிறப்பு. எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை நீக்கினாலும் அது மீண்டும் வளர்ந்துவிடுவதை 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்போர் விளக்கினர். நஞ்சால் அணுக்கள் மடிந்தாலும் எஞ்சியவை பெருகுகின்றன. ஆனால் பெருகும் அணு, சர்க்கரையைச் சேமிப்பதைக் குறைத்து, தன்னைக் கட்டிக்கொள்ளவே அதைச் செலவிடுகிறது. ஊருக்குப் படியளக்கும் குடும்பம், தன் வீடு இடிந்தபோது நெல்லை விற்றுச் சுவர் எழுப்புவதைப் போன்றது இது. சேதம் மிகுந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து அறிவு மயங்கும். ஆகவேதான் மருத்துவர் அடிக்கடி சர்க்கரையை அளந்து, வேண்டியபோது குளுக்கோஸை நரம்பின் வழியே ஏற்றுகின்றனர்.

1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பருவந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தது. வேறு உணவற்ற ஏழைகள் அதையே உண்டனர். 397 பேர் காமாலையுற்றனர். 106 பேர் மாண்டனர். அவ்வீட்டு நாய்களும் மடிந்தன. பூசணத்தில் விளைந்த அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சே காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர். வேகவைப்பதால் அந்நஞ்சு முற்றும் அழியாது.

ஆதலின் தானியத்தை நன்கு உலர்த்திச் சேமிப்போம். பூசணம் பிடித்ததை விலக்குவோம். காமாலையோடு தடுமாற்றமோ மயக்கமோ கண்டால் தாமதியாது மருத்துவமனையை நாடுவோம். ஏழையின் களஞ்சியத்தில் நல்ல தானியம் இருந்தால்தான் அவன் ஈரலாகிய களஞ்சியமும் நிலைக்கும்.