"பெரியவருகிட்ட மட்டும் சொல்லீராதீங்க"

தீராத நோயில் இருப்பவரிடம் டாக்டர் எப்படிப் பேச வேண்டும் என்று ராசிபுரத்தில் பேசச் சொன்னதும், எனக்கு எங்க அப்பாரு ஞாபகம்தான் வந்தது.

குச்சிக்கிழங்குக் காட்டிலேயே காலத்தை ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்த அன்று, டாக்டரிடம் அப்பா கேட்டது ஒன்றுதான்: "பெரியவருகிட்ட மட்டும் சொல்லீராதீங்க." டாக்டரும் சரியென்றார். அப்புறம் எல்லாப் பேச்சும் வராண்டாவில்தான். உள்ளே போய், "வெறும் புண்ணுங்க, ஆறிரும்" என்று நடித்தோம்.

மூன்று வாரம் கழித்து வேறொரு டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க ஒடம்புக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க அய்யா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியுஞ் சாமி. பசங்க பயந்துக்குவாங்கன்னுதான் கேக்கல."

அன்று சாயங்காலம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதிலிருந்து, வீட்டுக்கே கூட்டிப் போய்விடச் சொன்னது வரை எல்லாம் பேசினார்.

நோயின் தீவிரத்தை மருத்துவர் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நோயாளியிடம் பேசும் பயிற்சி 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் உண்டு. ஆனால் ஓ.பி. கூட்டத்தில் எந்த டாக்டராலும் நிதானமாகப் பேச முடியாது. நர்ஸிடம் சொல்லி, தனியாக நேரம் கேளுங்கள்.

அதற்கு முன் நோயாளியிடமே கேளுங்கள்: "எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, இல்ல எங்ககிட்ட மட்டும் பேசட்டுமா?" "நீங்களே பாத்துக்கோங்க" என்றால், அதுவும் அவர் முடிவுதான். கேள்விகளை போனில் குறித்துக்கொண்டு போங்கள். 'இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்குமா, வலியைக் குறைக்க மட்டுமா?' இதை மறக்காமல் கேளுங்கள். பதிலை உங்கள் வார்த்தையில் டாக்டரிடமே திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார். (ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வரும்.) வேறு டாக்டரிடமும் காட்ட நினைத்தால் மருத்துவப் பதிவுகளைக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது.

சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி தணிக்கும் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். எங்க அப்பாரு காலத்தில் இது இல்லை. வலி மாத்திரை வாங்க நான்தான் சேலத்துக்கு பஸ் ஏறுவேன்.