மறைக்க வேண்டிய நோயா இது?

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா மலரில் போய் நோயைப் பற்றிப் பேசுகிறாரே இந்த வாத்தியார் என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. முன்பு நான் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லை. தேடிக்கொண்டு லயத்துக்குப் போனேன். உள்ளே தாத்தாவின் இருமல் சத்தம். "வெளியில சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா புள்ளைய யாரும் பக்கத்துல சேக்க மாட்டாங்க" என்றார் அவன் அம்மா. பெரியவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, பின்கட்டில் தனிப் பாய். எல்லாம் கொடுத்திருந்தார்கள், மருந்து ஒன்றைத்தான் கொடுக்கவில்லை.

காசநோயை நம் பாட்டிமார் எலும்புருக்கி என்பார்கள். அது தட்டிலும் குவளையிலும் பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் பரவும் கிருமிதான் பிறரைத் தொற்றுகிறது. 1882-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இக்கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். ஆனால் அச்சம் மட்டும் நம்மை விட்டபாடில்லை.

அந்த அச்சத்துக்குப் பதில் சொன்ன ஊர் எது தெரியுமா? நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னைதான். 1956-இல் அங்கே காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரும் இந்திய மருத்துவர்களும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டார்கள்: நோயாளியைக் குடும்பத்தைவிட்டுப் பிரித்து சானடோரியத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு. மற்றப் பிரிவு தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தது. இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் உண்மையிலேயே மருந்து சாப்பிடுகிறார்களா என்று திடீரென்று போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

முடிவு 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஓராண்டின் முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி அடங்கித் தேறியிருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை! அதைவிட முக்கியம், குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்துப் பார்த்ததில், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. ஆபத்தெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னால்தான். ஆகவே மறைத்து வைக்கிற நாட்களே பிள்ளைகளுக்கு ஆபத்தான நாட்கள்.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. நோயாளி இருந்த வீடுகளில் மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு போன்ற உணவுப் பொருள்களைக் கூடுதலாகக் கொடுத்தபோது, அவர்களுக்கு நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நோயைத் தீர்ப்பது மருந்து. அண்டவிடாமல் காப்பதில் உணவுக்கும் பங்குண்டு.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் மலேசியாவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. ஜுருவில் இருக்கும் நாமும் இதற்கு விலக்கல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலையில் காய்ச்சல் கண்டால், உடல் இளைத்தால், அரசாங்கக் கிளினிக்கில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஆறு மாத மருந்து போதும். ஆனால் இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் "இப்பதான் நல்லாயிட்டேனே" என்று நிறுத்திவிடக் கூடாது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும்.

அன்று அந்தத் தாயிடம் இந்தச் சென்னைக் கதையைத்தான் சொன்னேன். மறுநாளே பெரியவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். பேரனையும் பரிசோதித்தார்கள், அவனுக்கு நோயில்லை. அடுத்த வாரம் வகுப்பில் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தான். தாத்தா ஆறு மாத மருந்தையும் முடித்து, அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து கை தட்டினார்.

உங்கள் வீட்டில் யாரேனும் இருமிக்கொண்டிருந்தால், கதவைச் சாத்தாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.