பாட்டுக்கு இட்ட பூட்டு



வெண்பாவின் யாப்பை எவரோ ஒருவர் தம் உடைமையாகப் பதிவு செய்துகொண்டார் என்று எண்ணிப் பார்க்கலாம். வெண்பா இயற்றுவோர் அவருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பிறர் இயற்றியதைச் சீர்பிரித்துப் படிப்போரும் செலுத்த வேண்டும். கவிஞர்கள் நகைத்து ஒதுக்கும் இக்கற்பனை, கணினியில் ஒலிக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் உண்மையாக இருந்தது.

எம்பி3 என்பது ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. செவி உணராதவற்றை விலக்கிக் குறுந்தகட்டின் ஒலியைப் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருக்கும். அதன் காப்புரிமைகள் ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் நிறுவனம் முதலானோரிடம் இருந்தன. விலையின்றி ஒலிச்சுருக்க மென்பொருள் எழுதியோர்க்கு 1998இல் அந்நிறுவனத்தின் மடல் சென்றது: உரிமம் பெறுக.

லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்களில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டி வழங்கப்படுகின்றன. எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம். எத்தனை படிகள் என்று எண்ணுவார் இல்லை. இசைக்கும் மென்பொருளின் படி ஒன்றுக்கு 0.75 டாலர் என்று உரிமக் கட்டணம் கேட்டால், எண்ணாத படிகளுக்கு எவர் கட்டுவது? 2002இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8.0, எம்பி3 இசைக்கும் பகுதியை நீக்கிவிட்டது. பாட்டைத் திறந்தவர்க்கு ஓர் அறிவிப்பே கிடைத்தது. காரணம் அறியாத பயனர் லினக்ஸை ஊமை என்று கருதியிருந்தால் வியப்பில்லை.

அந்த மடலுக்கு மறுமொழி போலக் கிறிஸ் மான்ட்கோமரி முதலானோர் கட்டணம் வேண்டாத வோர்பிஸ் முறையை உருவாக்கினர். அதன் முதல் முழுப்பதிப்பு 2002 ஜூலையில் வெளிவந்தது. ஒலித்தரத்தில் அது எம்பி3க்கு இளைத்ததன்று. ஆனால் மக்கள் சேர்த்து வைத்திருந்த பாடல்கள் எல்லாம் எம்பி3இல் இருந்தன. புதிய யாப்பு நன்றாயிருக்கிறது என்பதற்காகப் பழம்பாடல்களை யார் மாற்றி எழுதுவார்?

டிவிடிக்கு இன்னொரு பூட்டு. அதைத் திறக்கும் பகுதியை டெபியன் தன் பொதிகளில் வைப்பதில்லை. மூலநிரலை இறக்கிப் பயனரின் கணினியிலேயே கட்டித்தரும் சிறுபொதி ஒன்றை மட்டும் தருகிறது. சமையற்குறிப்பைக் கையில் கொடுத்து, சோறு நீரே ஆக்கிக்கொள்ளும் என்னும் விருந்து!

காலம் கடந்தபோது காப்புரிமைகள் தாமே காலாவதியாயின. 2016 நவம்பரில் ஃபெடோரா 25 எம்பி3 இசைக்கத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் பிரான்ஹோஃபரின் உரிமத் திட்டம் முடிவுற்றது. எம்பி3 இறந்தது என்று இதழ்கள் எழுதின. விடுதலையை இறப்பென்று எழுதிய விந்தை அது.

காட்சிக்கு இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. எச்.264 காணொளியை வரைகலை அட்டையின் துணையால் விரைந்து இயக்கும் வசதியை 2022இல் ஃபெடோரா 37 தன் பொதிகளிலிருந்து எடுத்துவிட்டது. காரணம் காப்புரிமை அச்சமே.

கவியரங்கக் குரல்களைப் பதிந்து வைக்கும் அமைப்புகளுக்கு ஒலியளவில் இன்று வழி உண்டு. சேமித்து வைக்க எதையும் இழக்காத ஃபிளாக். பலர்க்கும் அனுப்ப 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ். இரண்டையும் லினக்ஸ் தொகுப்புகள் தயக்கமின்றித் தம் பொதிகளில் வைத்துத் தருகின்றன.