அச்சத்தில் அறிவு முளைக்காது

(பென்னலூரில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பென்னலூரைச் சுற்றிலும் இற்றை நாளில் அளக்கப்படாத பொருளே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நாட்டு நிறுவனத்தின் மகிழுந்துகள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் பிரெஞ்சு, யப்பானிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியாய்த் தொடங்கிய தொழிற்சாலை 2010 முதல் மகிழுந்துகளை வார்த்து வருகிறது. அங்கே ஒரு திருகாணி மயிரிழையளவு பிசகினாலும் அது கழிவுக் கூடைக்குப் போகும். அளவுக்கு ஒத்தது ஏற்கப்படும், ஒவ்வாதது ஒதுக்கப்படும். இரும்புக்கு அம்முறை தகும். பிள்ளைக்குத் தகுமா?

மூன்று அகவைப் பிள்ளைக்கு நேர்காணல்! நான்கு அகவைப் பிள்ளைக்கு மதிப்பெண்! ஐந்து அகவைக்குள், "இவன் கூர்மையானவன், அவன் மக்கு" என்னும் முத்திரை! இம்முத்திரையைக் குத்தும் கோல் எங்கிருந்து வந்தது, அது எதை அளக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பிரெஞ்சு நாட்டில் 1904ஆம் ஆண்டில், பள்ளிப் பாடத்தைப் பின்தொடர முடியாத பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவது எவ்வாறு என ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்தவர் ஆல்பிரடு பினே என்னும் உளநூலறிஞர். அவரும் சிமோன் என்னும் மருத்துவரும் சேர்ந்து 1905இல், எளிமையிலிருந்து கடுமை நோக்கிச் செல்லும் 30 வினாக்களும் செயல்களும் கொண்ட அளவையை வெளியிட்டனர். பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக் கவனம் தருவதே அதன் நோக்கம். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டு என்றும் மாறாது நிற்பது என்பதைப் பினே ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்றே அவர் வலியுறுத்தினார். 

அவர் 1911இல் மறைந்தார். மறு ஆண்டே, செருமானிய அறிஞர் வில்லியம் இசுடெர்ன், அறிவு அகவையை உடல் அகவையால் வகுத்து 'அறிவு ஈவு' காணும் வழியைச் சொன்னார். அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்துத் தெர்மன் 1916இல் அதை நூறால் பெருக்கிப் பரப்பினார். எட்டு அகவைப் பிள்ளை பத்து அகவைப் பிள்ளைக்குரிய விடைகளைச் சொன்னால் அதன் ஈவு 125. கைதூக்கிவிட வந்த கோல், தரம் பிரிக்கும் கோலாயிற்று!

அக்கோல் செய்த கொடுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நியூயார்க்குத் துறைமுகத்தை அடுத்த எல்லிசுத் தீவில், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழை மக்களைக் கோதார்டு என்பவரின் உதவியாளர்கள் 1913இல் ஆய்ந்தனர். பல நாள் கடற்செலவில் களைத்தவர்கள். புது மண்ணில் அஞ்சி நின்றவர்கள். மொழிபெயர்ப்பாளர் வாயிலாக வினாவைக் கேட்டவர்கள். ஆய்வுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட யூதர், அங்கேரியர், இத்தாலியர், உருசியர் ஆகியோருள் மிகப் பெரும்பாலோர் அறிவு குன்றியோர் என 1917இல் அவர் எழுதி வெளியிட்டார்! அறிவு குன்றியோர் குறித்த தம் பழைய கொள்கைகள் சிலவற்றைப் பின்னாளில், 1928இல், அவரே கைவிட்டார். எல்லிசுத் தீவில் அளக்கப்பட்டது அறிவன்று. அச்சமும் அயல்மொழியுமே அளக்கப்பட்டன.

நூறாண்டுக்கு முன் எங்கோ நடந்ததுதானே என எண்ண வேண்டா. அத்தீவு இன்று பென்னலூரின் தெருக்களிலும் இருக்கிறது!

காலை விடியுமுன் மஞ்சள் வண்டியில் ஏற்றப்படும் பிள்ளையைப் பாருங்கள். வீட்டில் அதன் வாய் ஓயாது. பல்லிக்கு வால் அறுந்தால் வலிக்காதா, ஏரி நீர் வெயிலில் எங்கே போகிறது, அப்பா ஏன் இரவில் வேலைக்குப் போகிறார் என்று அடுக்கடுக்காய்க் கேட்கும். அதே பிள்ளை ஆங்கிலவழி வகுப்பில் கல்லாய் அமர்ந்திருக்கும். விடை தெரியாமலா? விடை உள்ளத்தில் தமிழில் இருக்கிறது. வாயில் ஆங்கிலமாய் வரவில்லை. தமிழில் சொன்னால் நகைப்பார்களோ, ஒறுப்பார்களோ என்னும் நடுக்கம் வேறு. அந்தப் பேசாமையைத்தான் பள்ளி 'மக்கு' என எழுதுகிறது.

கொடுமை அத்துடன் நிற்பதில்லை. "வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்று தாய்க்கு அறிவுரை வருகிறது. ஆங்கிலம் அறியாத தாய் என்ன செய்வாள்? கதை சொன்ன வாய் அடைபடுகிறது. பாடி உறங்க வைத்த நா கூசுகிறது. பிள்ளையைப் பேசாமடந்தையாக்கிய பள்ளி, தாயையும் ஊமையாக்கி விடுகிறது!

தாயின் பேச்சு வெறும் கொஞ்சல் என எண்ணுவோர், உருமேனிய நாட்டுச் செய்தியைக் கேட்க வேண்டும். அந்நாட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அரசுக் காப்பகங்களில் விடப்பட்டனர். பாலும் கூரையும் இருந்தன. எடுத்து அணைக்கவும் முகம் பார்த்துப் பேசவும் கைகள் போதவில்லை. அதன் தலைநகரான புக்கரெசுட்டில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வில், காப்பகக் குழந்தைகள் 136 பேருள் ஒரு பாதியினர் குடவோலை போன்ற முறையில் தெரிந்தெடுக்கப்பட்டு வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்க்கப்பட்டனர். சில ஆண்டுகள் கழித்து ஆய்ந்தபோது, காப்பகத்திலேயே இருக்க விடப்பட்டோரைவிட, வீடு கண்ட குழந்தைகளின் அறிவு ஈவு உயர்ந்திருந்தது. இரண்டு அகவைக்குள் வீடு கண்டோர்க்கு ஆக்கம் மிகுதி. 2007இல் வெளிவந்த இம்முடிவு உலகுக்கு உணர்த்தியது ஒன்றே: அன்பு அறிவுக்கு வெளியே இருப்பதன்று, அறிவு வேர்விடும் மண்ணே அன்புதான்.

அச்சமோ அவ்வேரைக் கருக்கும். அஞ்சும் உடல் ஓடவும் ஒளியவும் அணியமாகிறது, இதயம் விரைகிறது, அதற்குரிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. கணக்கின் அடிகளை நினைவில் தாங்க வேண்டிய உள்ளத்தைக் கவலை அடைத்துக்கொள்கிறது. பிரம்பைப் பார்த்துக்கொண்டே வாய்பாடு ஒப்பிக்கும் பிள்ளை பிரம்பைத்தான் கற்கிறது.

தமிழர்க்கு இது புதுச் செய்தியா? தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொகுத்து, அவை பிறக்கும் களங்களையும் வகுத்துச் சொல்கிறது. பெருமிதம் பிறக்கும் நான்கு களங்களுள் முதலில் வைக்கப்பட்டிருப்பது எது தெரியுமா? கல்வி! தறுகண்மையும் இசையும் கொடையும் அதற்குப் பின்னரே. கற்றலின் பயன் தலை நிமிர்தல் என்று கண்ட இனத்தில், கல்வியால் பிள்ளை தலைகுனிந்து நிற்கலாமா?

ஆனால் ஒரு வினா எழும். "தொழிற்சாலை வாயிலில் ஆங்கிலமன்றோ கேட்கிறார்கள்? வயிற்றுக்கு வழி என்ன?" பெற்றோரின் அவ்வச்சம் ஏளனத்துக்கு உரியதன்று. அதற்கு விடை அத்தொழிற்சாலைகளிலேயே இருக்கிறது. கொரியாவில் பள்ளிக் கல்வி கொரிய மொழியில், யப்பானில் யப்பானிய மொழியில், பிரான்சில் பிரெஞ்சில். தம் மொழியில் கற்றோரின் நாடுகள் இங்கு வந்து தொழில் நடத்துகின்றன. அயல்மொழியில் கற்றால்தான் அங்கே வேலை கிடைக்கும் எனத் தமிழன் நம்புகிறான்! ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு. ஆங்கிலத்தின் வழியாகவே அனைத்தையும் கற்பது வேறு. முன்னது சாளரம், பின்னது தாய்வீட்டை இடித்துவிட்டுச் சாளரம் வைப்பது.

உலக நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1953இலேயே தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு உகந்தது என அறிவித்தது. 2010 ஏப்பிரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது; அதே பிரிவு, பிள்ளை அச்சமும் கலக்கமும் இன்றிக் கற்க வேண்டும் என்கிறது. தாய்மொழியையும் அஞ்சாமையையும் அடுத்தடுத்து வைத்த அச்சட்டம் ஏட்டில் அழகாக இருக்கிறது. நாட்டில்? ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக வேண்டும் எனத் தமிழக அரசு 1999இல் பிறப்பித்த ஆணை, 2000இல் சென்னை உயர் முறைமன்றத்தில் வீழ்ந்தது. தாய்மொழிவழியை அரசு கட்டாயமாக்க முடியாது எனக் கருநாடக வழக்கில் 2014 மே 6இல் உச்ச முறைமன்றமும் தீர்ப்பளித்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஆகவே, இன்று இறுதி முடிவு பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

தமிழ்ப் பற்றாளர்க்கும் ஒரு சொல். தமிழ்வழிப் பள்ளி என்னும் பெயர்ப்பலகை மட்டும் பிள்ளையைக் காக்காது. தமிழில் திட்டினாலும் திட்டுத் திட்டுதான். தமிழ் வகுப்பில் அடித்தாலும் அடி அடிதான். உருட்டி விழிக்கும் ஆசிரியரால் தமிழே பிள்ளைக்குக் கசந்துபோகும். மற்றொன்று: பென்னலூர்ப் பகுதிக்கு வடபுலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் பிள்ளையும், ஒன்றும் விளங்காமல் வகுப்பின் கடைசியில் அமர்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு தாய் உண்டு. ஒரு தாய்மொழி உண்டு. தன் பிள்ளைக்குக் கேட்கும் அறத்தை அயலான் பிள்ளைக்கு மறுப்பவன் அறம் பேசத் தகுதியற்றவன்.

செய்ய வேண்டுவன அரியனவல்ல. தந்தைக்கு இரவுப் பணி, தாய்க்குப் பகற்பணி என்றாலும், நாளில் அரைமணி பிள்ளைக்கென ஒதுக்கப்பட வேண்டும். "எத்தனை மதிப்பெண்?" என்னும் வினாவுக்கு மாற்றாக, "இன்று என்ன கேட்டாய்?" என்னும் வினா வீட்டில் ஒலிக்க வேண்டும். தவறான விடைக்கும் ஆசிரியர் செவிசாய்க்க வேண்டும். தவற்றின் ஊடேதான் பிள்ளை எண்ணும் முறை தெரியும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கம் ஒழிய வேண்டும்.

தொழிற்சாலையில் கழிக்கப்பட்ட இரும்பை மீண்டும் உருக்கி வார்க்கலாம். ஐந்து அகவையில் 'மக்கு' எனக் கழிக்கப்பட்ட பிள்ளையை ஐம்பது அகவையில் உருக்கி வார்க்க எந்த உலையும் இல்லை. பிள்ளை இன்றிரவு வீட்டில் ஏதேனும் கேட்கும். அதன் மொழியில், அதன் முகம் பார்த்து, விடை சொல்லுங்கள். கல்வி அங்கே தொடங்கட்டும்!