குடமும் டிஸ்க்கும் ஒட்ட வேண்டும்



ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம், திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் என் கார் பஞ்சர். முன்பக்கம், இடது சக்கரம். வண்டியை ஓரம் கட்டினால் கணுக்கால் அளவு சேறு. பஞ்சர் கடைத் தம்பி ஒருவர் வந்து, நனைந்துகொண்டே ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். கபிஸ்தலம் தாண்டும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம். சுவாமிமலை வருவதற்குள் கடகடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். நான்கு நட்டில் இரண்டு விரலாலேயே சுற்றின.

கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மாட்டுவதற்கு முன் ஸ்டெப்னியைச் சேற்றில் கிடத்தியிருந்தோம். அதன் உட்புறத்தில் அப்பிய களி, சக்கரம் மாட்டப்படும் குடத்துக்கும் (ஹப்) சக்கரத்தின் டிஸ்க்குக்கும் நடுவே நசுங்கி அப்பளம் போலத் தகடாகியிருந்தது. தம்பி நட்டை நன்றாகத்தான் முறுக்கினார். ஓட ஓடக் களி நசுங்கி வெளியேறியது. அது விட்ட இடத்தில் நட்டு தளர்ந்தது. பக்கத்தில் குடை பிடித்து நின்ற நான், ஒரு துணியால் அதைத் துடைத்திருக்கலாம். அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

நம் ஊரில் கட்டைவண்டி ஓட்டியவர்களுக்குச் சக்கரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மசகு. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து அச்சில் தடவுவார்கள். அங்கே அச்சு நிற்கும், குடம் சுற்றும். ஆகவே வழுக்க வேண்டும். சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி ஒன்றுதான். காரில் கதை நேர் எதிர். குடத்துக்குள் பேரிங் இருக்கிறது. சுற்றுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். வெளியே மாட்டுகிற டிஸ்க் குடத்தோடு சேர்ந்து ஒரே உடம்பாக நிற்க வேண்டும். காரின் எடையை நட்டு தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். நட்டு செய்வது இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அந்தப் பிடியில் இரண்டு இரும்பு முகங்களும் அழுந்த, அந்த உராய்வுதான் பாரத்தைச் சுமக்கிறது. நடுவே களி, துரு, புதிதாக அடித்த கெட்டியான பெயின்ட் எது இருந்தாலும் பிடி பொய்யாகிவிடும். பழக்க தோஷத்தில் மரையில் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். எண்ணெய் பட்ட மரையில் அதே கை பலத்துக்கு நட்டு அளவுக்கு மீறி ஏறும், அது ஏறுகிற ஸ்டட் இழுபட்டுப்போகும்.

இனி, சக்கரம் மாட்டும் முறை. ஜாக்கி போடும் முன் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு முட்டு வையுங்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். அத்தனைக்குப் பிறகும் அந்தத் தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நிற்கிறார்கள். நம் காருக்கு ஒரு செங்கல் போதும்.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு கம்பி பிரஷ்ஷால் குடத்தின் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் தேயுங்கள். பிரஷ் இல்லையென்றால் உலர்ந்த சாக்கு. வெறும் இரும்பு கண்ணில் பட வேண்டும். நட்டின் கூம்பு முனை டிஸ்க்கைப் பார்த்து இருக்கட்டும். முதல் நாலு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் ஏர் கன் வைத்தால், மரை மாறி ஏறுவது தெரியாது. நான்கு நட்டானால் எதிரெதிராக முறுக்க வேண்டும். ஐந்தானால், வாசலில் கையெடுக்காமல் போடும் ஐந்து முனை நட்சத்திரக் கோலத்தின் வரிசை: ஒன்றை விட்டு ஒன்று. இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, டயர் தரையைத் தொட்டதும் கடைசி முறுக்கு.

எவ்வளவு முறுக்குவது? உங்கள் வண்டியின் கையேட்டில் எண் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 33 கிலோ தொங்கினால் அந்த அளவு. கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிற 40 கிலோ நெல் சிப்பத்தைவிடக் கொஞ்சம் குறைவு. 70 கிலோ ஆள் ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் அளவு இரு மடங்கைத் தாண்டிவிடும். ஏறி நிற்பது பலம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அது ஸ்டட்டைக் கெடுக்கும் வழி. டார்க் ரெஞ்ச் இருக்கிற கடையாகப் பார்த்துப் போவது நல்லது.

அலாய் வீல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பியட் பாலியோவில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் 98 மில்லிமீட்டர். மாருதி ஸ்விப்டில் 100. இரண்டே மில்லிமீட்டர்தானே என்று மாட்டினால் போல்ட் ஏறிவிடும், கூம்பு நேராக உட்காராது. நடுத் துளை பெரிதாக இருந்தால், அதற்கான வளையத்தையும் கேட்டு வாங்குங்கள்.

உழவர் நேயர்களே, உங்களுக்கு இது இன்னும் முக்கியம். சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுகிறீர்கள். வேலை முடிந்ததும் கழற்றி, டயர் சக்கரத்தோடு ரோட்டில் ஏறுகிறீர்கள். நம் டெல்டாவில் இத்தனை முறை கழற்றி மாட்டப்படும் சக்கரம் வேறில்லை. அதுவும் வயலின் நடுவே, களிக் கையோடு. ஒரு குடம் வாய்க்கால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

எந்தச் சக்கரமானாலும், மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். போன வாரம் டயர் மாற்றியவர்கள், நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் டிக்கியில் இருக்கும் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் ஒரு தரம் தொட்டுப் பாருங்கள்.