சீப்பும் கடதாசித் துண்டும்



2010 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த எக்ஸ்பேர்ட் காசநோய்ப் பரிசோதனை இரண்டு மணித்தியாலத்தில் முடிவு தருகிறது. அதன் காட்றிஜுக்குள் உறையவைத்து உலர்த்திய சோதனைப்பொருள் மணிகள் இருக்கின்றன.

இத்தகைய மணிகளை இடும் கருவியை வடிவமைப்போருக்கு மத்தளம்போல் இருபக்கமும் இடி. காற்றில் ஈரம் இருந்தால் மணி கெடும். காற்றை உலர்த்தினாலோ நிலைமின் ஏறி, மணி கருவியிலேயே ஒட்டிக்கொள்ளும். தலைவாரிய சீப்பில் கடதாசித் துண்டு ஒட்டுவதை நாம் இங்கே விஞ்ஞானகூடத்தில் பார்த்துச் சிரித்தோமே, அதேதான்! ஆகவே கருவியை உலோகத்தால் செய்து புவித்தொடுப்புக் கொடுக்கிறார்கள். மணி விழுந்ததா என்றும் சரிபார்க்கிறார்கள்.

ஒரு மணி தவறினால் முடிவு வராது. விடியப்புறம் பஸ் ஏறி வந்த நோயாளியிடம், "இன்னொருக்கா சளி எடுத்துத் தாங்கோ" என்று கேட்க வேண்டியவர்கள் வைத்தியர்களாகிய நாமே.

சின்னப் பாடம் என்று எமது ஆசிரியை எதையும் தாண்டிப் போகவில்லை. அந்தக் கவனத்துக்கு எமது நன்றி.